பொன்னாடை போர்த்திய நாளில் கேட்காத கேள்வி

இது வியாசர்பாடியில் ஒரே வீட்டில் இருக்கும் அக்கா, தங்கை இருவரைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. இருவருக்கும் ஒரே அப்பா. பதினைந்து வருடம் பட்டாளத்தில் இருந்தவர். அக்காவுக்கு இன்று அவருடைய குடும்ப ஓய்வூதியம் மாதாமாதம் வருகிறது. தங்கைக்கு வரவில்லை, இனி வருவதற்கும் வழியில்லை. இந்த வித்தியாசம் எப்படி உண்டானது என்று பார்க்கும்போது ஒரு பாதி சட்டத்தில் போய் நிற்கிறது. மறு பாதி எங்களிடம், அதாவது பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் சேவை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் எங்கள் சங்கத்திடம் வந்து நிற்கிறது. அந்த இரண்டாவது பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன். குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயரையும் தெருவையும் படைப்பிரிவையும் சொல்லவில்லை.

நாங்கள்

வடசென்னையில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் ஒரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். பெரம்பூர், ஓட்டேரி, அயனாவரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை என்று எல்லா இடத்திலும் உண்டு. புளியந்தோப்பு பக்கத்தில் ஒரு பகுதிக்குப் பேரே பட்டாளம். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் வந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனது எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பலின் பெயர் தமிழில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. ஒரே ஒரு ராத்திரி இங்கே வந்துபோன போர் அவ்வளவு ஞாபகம் இருக்கிறது. இந்தத் தெருக்களிலிருந்து வருடக்கணக்கில் போருக்குப் போனவர்களின் பெயர் மட்டும் அவரவர் வீட்டு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது.

எங்கள் சங்கம் அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்க்கத்தான் ஆரம்பித்தது. என் தாத்தாவின் தம்பி இரண்டாம் உலகப் போரில் பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்தில், அடக்கம் செய்த இடம் தெரியாத சுமார் 27,000 வீரர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பட்டியலில் சின்னத் தாத்தாவின் பெயரையும் படை எண்ணையும் அந்த நினைவுச்சின்னத்தின் கீழ் பார்த்த அன்று என் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். அந்த மாதிரி நாலைந்து வீட்டில் நடந்தது. அப்படிக் கூடிய ஆட்கள்தான் நாங்கள்.

பிறகு வழக்கமான வேலைகள் சேர்ந்தன. டிசம்பர் 7 கொடி நாள் அன்று தீவுத்திடல் பக்கத்துப் போர் நினைவுச்சின்னத்தில் மலர் வைப்போம். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்போம். வயதான முன்னாள் வீரர்களையும் அவர்கள் மனைவிமாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பொன்னாடை போர்த்துவோம். மனசார செய்ததுதான். யார் மேலும் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நானே பல வருடம் அந்த மேடையில் மைக் பிடித்தவன்.

அந்த வீடு

அப்பா 1963இல் சேர்ந்தவர். சீனப் போர் முடிந்த கையோடு ஆள் எடுத்த சமயம். 1965, 1971 இரண்டு போரையும் பார்த்துவிட்டு 1978இல் நாயக் என்ற பதவியில் ஓய்வு பெற்றார். ஜவான்களுக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 வருடப் பணி வேண்டும், அதை முடித்துவிட்டுத்தான் வந்தார். வந்த பிறகு ஒரு ஆலையில் வாட்ச்மேன் வேலை. 2006இல் இறந்தார். அதிலிருந்து குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வந்தது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் அம்மாவும் போய்விட்டார்.

மூன்று பிள்ளைகள். மூத்த பெண் 1970இல் பிறந்தவர். நடுவில் ஒரு பையன், ஆட்டோ ஓட்டுகிறார். கடைசிப் பெண் 1981இல், அப்பா ஓய்வு பெற்று வந்த பிறகு பிறந்தவர். மூத்தவரின் கணவர் 2012இல் இறந்தார். இரண்டு பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். சின்னவரின் கணவர் 2014இல் வீட்டை விட்டுப் போனவர் போனவர்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, தாலியைக் கழற்றி, பாத்திரம் பண்டத்தைத் திருப்பி வாங்கி, தீர்த்துவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போகவில்லை. "எதுக்கு வீண் செலவு" என்று விட்டுவிட்டார்கள். அவரும் ஒரு மகளோடு அம்மா வீட்டுக்கு வந்தார்.

ஆக, அம்மாவின் பென்ஷனில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிந்தது. அக்கா நாலு வீட்டில் வேலை செய்வார், தங்கை ஒரு தையல் கூடத்தில் பீஸ் கணக்கில் தைப்பார். வாடகையும் அரிசியும் பென்ஷன் பணம்.

கடன் என்று வந்தது

2022 மார்ச்சில் அக்கா என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு கடிதம். அம்மா இறந்த பிறகும் இரண்டு மாதப் பென்ஷன் கணக்கில் ஏறியிருந்தது. இறப்பைத் தெரிவிக்க வேண்டும் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. ஏ.டி.எம். கார்டில் எடுத்துச் செலவு செய்துவிட்டார்கள். அதைத் திருப்பிக் கட்டச் சொல்லி வந்த கடிதம் அது.

"அம்மா செத்ததுக்கு அப்புறம் வந்த காசுன்னு தெரியாம எடுத்துட்டோம் தம்பி. கட்டிடுறோம், கொஞ்சம் கொஞ்சமா கட்டுறோம்னு எழுதிக் குடுங்க. போலீஸ் கீலீஸ் வருமா?"

அவர் கேட்டது அவ்வளவுதான். நான் கடிதத்தைப் படித்துக்கொண்டே சும்மா பேச்சுக்கு, "மாமா எப்பக்கா தவறினாரு?" என்று கேட்டேன். பத்து வருஷம் ஆகுது என்றார். அப்போது அம்மா உயிரோடு இருந்தாரே என்பது எனக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அப்படியானால் இந்த அக்கா பணம் கட்ட வேண்டியவர் இல்லை. பணம் வாங்க வேண்டியவர். பத்து மாதமாக அவருக்குச் சேர வேண்டிய பென்ஷன் நின்றுகிடக்கிறது, அதைத் தெரியாமல் அவர் போலீஸுக்குப் பயந்துகொண்டிருக்கிறார்.

விதி என்ன சொல்கிறது

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். பல வீடுகளில் இது தெரியாமலே இருக்கிறது.

வீரர் இறந்தால் குடும்ப ஓய்வூதியம் முதலில் மனைவிக்கு. அவருக்குப் பிறகு 25 வயதுக்கு உட்பட்ட, சம்பாதிக்காத பிள்ளைகளுக்கு. பையனுக்கு 25 ஆனால் முடிந்தது. பெண்ணுக்கு அப்படி இல்லை. கணவரை இழந்த மகளும் விவாகரத்தான மகளும் 25 வயதைத் தாண்டியும் பெறலாம் என்று மத்திய அரசு 2004இல் விதியைத் தளர்த்தியது. 2007இல் திருமணமாகாத மகளையும் சேர்த்தது. முப்படையினரின் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். உடலிலோ மனவளர்ச்சியிலோ குறைபாடு இருந்து சம்பாதிக்க முடியாத பிள்ளை என்றால், ஆணோ பெண்ணோ, ஆயுள் முழுவதும் உண்டு.

மகளுக்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, அவருடைய மாத வருமானம், குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியமும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகையைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. குறைந்தபட்சம் 9,000 ரூபாய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 விழுக்காடு ஆனபோது இரண்டும் சேர்ந்து 13,500. இரண்டாவதுதான் முக்கியம். அவர் கணவரை இழந்ததோ விவாகரத்துப் பெற்றதோ, அப்பா அம்மா இருவரில் ஒருவராவது உயிரோடு இருக்கும்போது நடந்திருக்க வேண்டும். விவாகரத்து வழக்குகள் இழுத்துக்கொண்டே போவதால் 2017இல் ஒரு சலுகை கொடுத்தார்கள். தீர்ப்பு பிறகு வந்தாலும் பரவாயில்லை, மனுவைப் பெற்றோர் இருக்கும்போதே கோர்ட்டில் போட்டிருந்தால் போதும்.

கணவர் இறந்தது 2012. அம்மா இறந்தது 2021. அக்காவுக்கு உரிமை நூற்றுக்கு நூறு இருந்தது.

தங்கையைப் பற்றி அன்று நான் யோசிக்கவே இல்லை.

பெட்டிக்குள் இருந்த பெயர்

உரிமை இருக்கிறது, சரி. அவர்தான் அந்த மகள் என்று எப்படிக் காட்டுவது? இங்கேதான் இரண்டு வருடம் போனது.

டிரங்குப் பெட்டியில் அப்பாவின் டிஸ்சார்ஜ் புக், அதாவது பட்டாளத்திலிருந்து வரும்போது கொடுத்த பணி விவரப் புத்தகம், பத்திரமாக இருந்தது. பிளாஸ்டிக் கவருக்குள், கவருக்கு மேல் ஒரு வேட்டித் துண்டு, அதற்கும் மேல் மெடல்கள். அப்படிக் காப்பாற்றி வைத்திருந்தார் அம்மா. பிரித்துப் பார்த்தால் குடும்ப விவரப் பக்கத்தில் மூத்த மகளின் பெயர் இருந்தது. ஆனால் அது வீட்டில் கூப்பிடும் பெயர். லீவில் வந்திருந்த அப்பா, முகாமுக்குத் திரும்பியதும் எழுத்தரிடம் "பொண்ணு பொறந்திருக்கு" என்று சொல்லி, வாயில் வந்த செல்லப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவரும் ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார். பள்ளியில் சேர்க்கும்போது வேறு பெயர். ஆதாரில் அந்தப் பள்ளிப் பெயர், அதுவும் வேறு எழுத்துக்கூட்டலில். பிறந்த நாள் மூன்று இடத்தில் மூன்று மாதிரி.

அம்மாவின் பெயரும் ஒத்துவரவில்லை. டிஸ்சார்ஜ் புக்கில் கடைசியில் 'அம்மாள்' இருந்தது, ஆதாரில் இல்லை. அப்பாவின் இனிஷியலைப் பட்டாளத்தில் விரித்து எழுதி, அதையே அவர் முதல் பெயர் போல ஆக்கியிருந்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது தலைவலி. நம் பெயருக்கு முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்து நிற்கும், அவ்வளவுதான் நம் வழக்கம். ராணுவப் பதிவேட்டுக்கும் கணினிக்கும் குடும்பப் பெயர் வேண்டும். இல்லாத ஒன்றைக் கேட்கும்போது ஆளாளுக்கு ஒன்றைச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கான விலையை ஐம்பது வருடம் கழித்து மகள் கொடுக்கிறார்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மகளின் விண்ணப்பம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் சான்றோடு, அப்பாவுடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸுக்கு, அதாவது வீரர்களின் ஆவணங்கள் இருக்கும் அலுவலகத்துக்கு, போக வேண்டும். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அது ஒவ்வோர் ஊரில். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக். அங்கே மகளின் விவரத்தை அப்பாவின் பணி ஆவணத்தில் பதிந்து, 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவு போடுவார்கள். பிறகுதான் கோப்பு பிரயாக்ராஜில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து ஓய்வூதிய ஆணை வரும். இப்போது எல்லாம் 'ஸ்பர்ஷ்' என்ற இணைய முறையில் நடக்கிறது.

இணைக்க வேண்டியவை: அப்பா, அம்மா, கணவர் மூவரின் இறப்புச் சான்றிதழ், அப்பாவின் பழைய ஓய்வூதிய ஆணை, டிஸ்சார்ஜ் புக், வயதுக்குப் பள்ளிச் சான்று, வாரிசுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மறுமணம் செய்யவில்லை என்ற சான்று, ஆதார், பான். அக்கா ஐந்தாவது வரை படித்த மாநகராட்சிப் பள்ளியில் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்துத் தந்த தலைமை ஆசிரியரை நான் மறக்க மாட்டேன். தூசி தட்டி, ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, அந்தப் பெயரில் விரல் வைத்தபோது அவர் முகத்தில் எங்களைவிட அதிகச் சந்தோஷம். ஒரு நோட்டரியிடம், இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எழுதினோம். பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோம்.

முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. தப்பு எங்களுடையது. கணவரின் இறப்புச் சான்றிதழில் அக்காவின் பெயர் ஆதாரில் இருப்பது போல இல்லை, அதை நாங்கள் கவனிக்கவில்லை. அதைத் திருத்தி வாங்குவதற்குள் வருமானச் சான்றிதழ் பழையதாகிவிட்டது. திரும்பவும் இ-சேவை மையம். ஒவ்வொரு நடைக்கும் அக்காவுக்கு ஒரு நாள் கூலி போகும். ஒரு கவுண்டரில், அது எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை, "உங்க அப்பா செத்துப் பதினாறு வருஷம் ஆச்சு, இப்ப வந்து கேக்கறியா" என்று ஒருவர் சொன்னார். அக்கா பதில் சொல்லவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, "அப்பாவைக் கேவலப்படுத்துறாங்களே தம்பி, வுட்டுடலாம்" என்றார். விடவில்லை.

2024 பிப்ரவரியில் ஆணை வந்தது. அம்மா இறந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டு நிலுவை முழுவதும் சேர்த்து வந்தது. கூடுதலாக எடுத்த அந்த இரண்டு மாதப் பணத்தை அதில் பிடித்துக்கொண்டார்கள், கடன் தீர்ந்தது. அக்கா முதலில் செய்தது, அடகில் இருந்த அம்மாவின் கம்மலை மீட்டது.

தங்கை

அந்தக் கம்மல் மீட்ட வாரத்தில்தான் தங்கை என்னிடம் கேட்டார். ரொம்பத் தயங்கித்தான் கேட்டார். "அண்ணே, அக்காவுக்கு அப்புறம் எனக்கு வருமாண்ணே? நானும் அவரு பொண்ணுதானே."

விதிப்படி, மூத்த மகளுக்கு உரிமை முடிந்தால் அடுத்த மகளுக்குப் போகலாம். ஆனால் அடுத்த மகள் சட்டப்படி விதவையாகவோ விவாகரத்தானவராகவோ திருமணமாகாதவராகவோ இருக்க வேண்டும். இவர் எதுவும் இல்லை. ஊர்ப் பெரியவர்கள் தீர்த்துவிட்டதைச் சட்டம் விவாகரத்து என்று ஏற்பதில்லை. காகிதத்தில் அவர் இன்னும் ஒருவரின் மனைவி. சரி, இப்போது மனு போடலாமா? போடலாம், விவாகரத்தும் கிடைக்கலாம். ஆனால் பென்ஷன் கிடைக்காது. அம்மா 2021இல் போய்விட்டார். அதற்கு முன்பு கோர்ட்டில் ஒரு மனு, ஒரே ஒரு மனு, போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று. டிஸ்சார்ஜ் புக்கில் அவர் பெயரே இல்லை. அப்பா ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்துப் பிறந்தவர். ஓய்வுக்குப் பிறகு பிறந்த பிள்ளையையும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிப் பதிந்துகொள்ளலாம். அப்பாவுக்கு அது தெரியாது, யாரும் சொல்லவில்லை. புத்தகம் மூடிய பிறகு பிறந்த மகள் என்று அந்த வீட்டில் யாரோ சொன்னார்கள்.

அவருக்கு எங்களால் முடிந்தது மாநில அரசின் கணவரால் கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை. 2023இல் இருந்து மாதம் 1,200 ரூபாய். அதற்கு விண்ணப்பித்து வாங்கிக் கொடுத்தோம். அக்காவுக்கு வருவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவருடைய மகள் பாலிடெக்னிக் படிக்கிறாள். முன்னாள் வீரர்களின் பிள்ளைகளுக்குப் பிரதமரின் கல்வி உதவித்தொகை உண்டு. பெண்களுக்கு மாதம் 3,000, பையன்களுக்கு 2,500. தொழிற்கல்விப் பட்டப் படிப்புகளுக்குத்தான் அது, அதோடு அது வீரரின் பிள்ளைக்கு, பேத்திக்கு இல்லை. அந்தப் பெண்ணின் கட்டணத்தை இப்போது சங்கம் கட்டுகிறது.

2018 டிசம்பர் 7

அந்தத் தேதியின் போட்டோ எங்கள் ஆல்பத்தில் இருக்கிறது. முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அந்த அம்மா. சிவப்புக் கரைபோட்ட பொன்னாடை. பக்கத்தில் கையைப் பிடித்துக் கூட்டி வந்த சின்ன மகள், நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். போர்த்தியது நான்தான்.

கணவர் விட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு இன்னும் இரண்டரை வருட ஆயுள் இருந்தது. அன்று யாராவது ஒருவர், "அம்மா, வீட்ல யார் யார் இருக்காங்க, பொண்ணுங்க எப்படி இருக்காங்க" என்று கேட்டிருந்தால், மறுவாரமே உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குக் கூட்டிப் போயிருக்கலாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987இன்படி பெண் என்றால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஒரு பைசா செலவில்லாமல் மனு போட்டிருக்கலாம். நாங்கள் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, டிபன் கொடுத்து அனுப்பினோம்.

இதை எழுதுவதற்காக எங்கள் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தக் குடும்பத்துக்கு 'வாரிசு' என்று ஒரே பெயர்தான் எழுதியிருந்தோம். ஆட்டோ ஓட்டும் பையன் பெயர். மகள்கள் இருவர் பெயரும் இல்லை. மற்றப் பக்கங்களையும் புரட்டினேன். பெரும்பாலும் அப்படித்தான். கட்டிக் கொடுத்த பெண் வேறு வீடு என்று நாங்களும் நினைத்திருக்கிறோம். அரசாங்கப் புத்தகத்தில் விடுபட்ட மகளை நாங்களும் எங்கள் புத்தகத்தில் விட்டிருக்கிறோம். மூன்று பிள்ளைகளில், பென்ஷன் உரிமை கிடைக்க வழியே இல்லாத ஒரே ஆளைத்தான் நாங்கள் வாரிசு என்று எழுதி வைத்திருந்தோம்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட சங்கங்கள் ரொம்ப காலமாக உண்டு. அவர்களுடைய உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவர்களின் மகன்களுக்கு 1881இல் ஒரு சங்கம், மகள்களுக்கு 1885இல் தனியாக ஒன்று. அந்தப் படையின் கடைசி வீரர் ஆல்பர்ட் உல்சன் 1956இல் இறந்தார். சங்கங்கள் இன்றும் கல்லறை பராமரிக்கின்றன, விழா எடுக்கின்றன. ஆனால் என்னை உலுக்கியது வேறு செய்தி. ஐரீன் டிரிப்லெட் என்ற அம்மையார், அந்தப் போரில் இருந்த ஒரு வீரரின் மகள், 2020 மே 31 அன்று தன் 90ஆவது வயதில் இறக்கும்வரை மாதம் 73 டாலர் 13 சென்ட் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தார். போர் முடிந்தது 1865இல். அவர் பிறக்கும்போது அப்பாவுக்கு வயது 83. மனவளர்ச்சிக் குறைபாடு இருந்ததால் பெற்றோருக்குப் பிறகும் அவருக்கு உரிமை நீடித்தது. போர் முடிந்து 155 வருடம் கழித்தும் அந்த வீரரின் மகள் என்று ஒரு பெயர் ஓர் ஏட்டில் இருந்திருக்கிறது. வியாசர்பாடியில் 1981இல் பிறந்த பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்போது என்ன செய்கிறோம்

பொன்னாடையை நிறுத்தவில்லை. பெரியவர்களுக்கு அதில் சந்தோஷம் இருக்கிறது, அதைப் பிடுங்க எங்களுக்கு என்ன உரிமை. ஆனால் விழாவுக்கு முன்பு வீட்டுக்குப் போகிறோம். ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டு இரண்டு பேராக. டிஸ்சார்ஜ் புக்கை எடுக்கச் சொல்லி, குடும்ப விவரப் பக்கத்தை ஆதாரோடு வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கிறோம். விடுபட்ட பிள்ளை உண்டா? பட்டாளத்துக்கு அப்புறம் பிறந்த பிள்ளை உண்டா? மாற்றுத்திறனாளிப் பிள்ளை இருந்தால் மருத்துவச் சான்றோடு பதிந்திருக்கிறதா? பெயர் தப்பாக இருந்தால், அந்தப் பெயரை வைத்தவர் உயிரோடு இருக்கும்போது திருத்துவது ரொம்ப சுலபம். அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். அவர் போன பிறகு அதே வேலைக்குப் பத்துக் காகிதம்.

கடைசிக் கேள்வி ஒன்று இருக்கிறது, அதைக் கேட்பதுதான் கஷ்டம். வீட்டோடு வந்துவிட்ட மகள் உண்டா, அவர் கோர்ட்டுக்குப் போயிருக்கிறாரா? இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் நடந்தது. "பென்ஷனுக்காகப் பொண்ணை டைவர்ஸ் பண்ணச் சொல்றீங்களா" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார். அவர் பயம் நியாயமானது. அதனால் ஒன்று முடிவு செய்தோம். பிரிந்துவிட்டோம் என்று அந்தப் பெண்ணே சொன்னால் மட்டும் விதியை விளக்குவோம். சட்ட உதவி மையத்தின் இடத்தைச் சொல்வோம். மனு போடுவதா வேண்டாமா என்பது அவர் விருப்பம். அம்மா எதிரில் கேட்க மாட்டோம், அண்ணன் தம்பி எதிரிலும் கேட்க மாட்டோம்.

இந்தக் கேள்வியை ஆண்கள் போய்க் கேட்டால் பதில் வராது என்று முதல் மாதமே தெரிந்துவிட்டது. அதனால் தங்கையிடம் கேட்டோம், வருகிறீர்களா என்று. யோசிக்கிறேன் என்றவர் அடுத்த ஞாயிறு வந்து நின்றார். இப்போது கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கம் அவர்தான் போகிறார். பாரத்தை நாங்கள் நிரப்புவோம், அவர் அந்தப் பெண்ணோடு அடுப்படியில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவார். சில வீடுகளில் ஒரு மணி நேரம் ஆகும். என்ன பேசினீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. மனு போட விருப்பம் என்றால் பாரத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு டிக் போட்டுக் கொடுப்பார்.

பதிவேட்டையும் மாற்றினோம். 'வாரிசு' என்ற ஒரு கட்டத்தை எடுத்துவிட்டு, பிள்ளைகள் எல்லோர் பெயருக்கும் இடம் விட்டு, புது நோட்டு போட்டோம். மகள், மகன், பேத்தி, பேரன் எல்லோரும் பிறந்த வரிசையில். அந்த நாயக்கின் பக்கத்தில் இப்போது மூன்று பெயர்கள் இருக்கின்றன. சின்ன மகளின் பெயரை அவரே எழுதினார்.

போன மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டில் 78 வயது அம்மா, நாற்பதைத் தாண்டிய, காது கேளாத வாய் பேசாத மகன். டிஸ்சார்ஜ் புக்கில் மகன் பெயர் இருக்கிறது, மாற்றுத்திறனாளி என்ற பதிவு இல்லை. அரசு மருத்துவமனையில் சான்று வாங்கியாகிவிட்டது. வரும் ஞாயிறு அம்மாவிடம் கையெழுத்து வாங்கி ரெக்கார்ட் ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று தங்கை போன் செய்தார். ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம் என்று நாளைக் காலையே போகிறோம்.